கடைசி நேரத்துக்கு முன்பே கேட்க வேண்டியவை: நோய்த்தணிப்பு வார்டில் ஒரு நர்ஸின் அனுபவம்

அறுவைச் சிகிச்சை வார்டில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, நோய்த்தணிப்புச் சிகிச்சை வார்டுக்கு, அதாவது குணமாக்க முடியாத நோயில் இருப்பவர்களின் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் வார்டுக்கு, மாறிய நர்ஸ் நான். பல நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் வாழும் பெருநகரத்து மருத்துவமனை அது. ஒரே தாழ்வாரத்தில் ஐந்தாறு மொழிகள் காதில் விழும். சேர்ந்தபோது கொடுத்த பயிற்சியில் மருந்தைத் தோலுக்கடியில் மெல்ல மெல்லச் செலுத்தும் சிரிஞ்ச் டிரைவர் கருவியைப் போடுவது, மார்ஃபின் அளவு கணக்கிடுவது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் நோயாளியின் மகன் கையைப் பிடித்துக்கொண்டு "அப்பாவுக்கு எதுவும் தெரியக் கூடாது" என்று அழும்போது என்ன செய்வது, உயிர் பிரிந்த உடலைத் தொடாதீர்கள் என்று ஒரு குடும்பம் கேட்க, உடனே எடு என்று மேலதிகாரி சொல்லும்போது யார் பக்கம் நிற்பது என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பாடங்களை நான் தனியாகப் படித்தேன். தூக்கம் போனது, சம்பளமில்லாத விடுப்பில் சேமிப்பு கரைந்தது, ஒரு விசாரணையில் பெயர் அடிபட்டது. இதே வேலைக்குப் புதிதாக வருகிற நர்ஸ்கள், இளம் மருத்துவர்கள், பிசியோதெரபிஸ்டுகள் அந்த விலையைக் கொடுக்காமல் கற்றுக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சேர்ந்த முதல் வாரத்தில் என் கையில் ஒரு கோப்பைக் கொடுத்தார்கள். அதில் மதவாரியாக ஓர் அட்டவணை. முஸ்லிம் என்றால் கட்டிலை கிப்லா பக்கம், அதாவது மக்கா இருக்கும் திசையில், திருப்ப வேண்டும், உடலை அதே பாலினத்தவர்தான் கழுவ வேண்டும், அடக்கம் தாமதமாகக் கூடாது. யூதர் என்றால் உடலைத் தனியாக விடக் கூடாது. கத்தோலிக்கர் என்றால் பாதிரியாரை அழைத்து, நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில் பூசுதல் சடங்கைக் கொடுக்கச் சொல்ல வேண்டும். சீக்கியர் என்றால் முடியை வெட்டவோ மழிக்கவோ கூடாது, கையிலுள்ள கடா என்ற வளையைக் கழற்றக் கூடாது. இந்து என்றால் கங்கை நீர், துளசி, கட்டியிருக்கும் கயிற்றை அறுக்கக் கூடாது. தவறான தகவல் என்று எதையும் சொல்ல முடியாது. நானும் அதை மனப்பாடம் செய்து, எல்லாம் தெரிந்துவிட்டது என்ற தெம்போடு வார்டுக்குள் போனேன். பிறகு அடுத்தடுத்த அறைகளில் இரண்டு முஸ்லிம் பெரியவர்கள் சேர்ந்தார்கள். ஒருவருக்குக் கட்டில் திரும்பியிருக்க வேண்டும், காதருகே யாராவது ஓதிக்கொண்டிருக்க வேண்டும். மற்றவரிடம் அதே கேள்வியைக் கேட்டபோது, "வேண்டாம். ஜன்னல் பக்கம் திருப்பி வையுங்கள், என் பேத்தி வயலின் வாசிப்பாள், அதைக் கேட்க வேண்டும்" என்றார். படிவத்தில் இருவருக்கும் மதம் என்ற கட்டத்தில் ஒரே சொல்தான் எழுதியிருந்தது.

அதற்காக அந்த அட்டவணையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. என்ன கேட்க வேண்டும் என்று அது நினைவுபடுத்தும், பதிலை நோயாளிதான் சொல்ல வேண்டும். ஆர்தர் கிளைன்மேன் என்ற மனநல மருத்துவர், மானுடவியலும் படித்தவர், 1978-இல் தன் சகாக்களோடு எழுதிய ஒரு கட்டுரையில் நோயாளியிடம் கேட்க வேண்டிய சில எளிய கேள்விகளைக் கொடுத்திருக்கிறார். இந்த நோய் எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், இது உங்களை என்ன செய்கிறது, இதில் எதைக் கண்டு அதிகம் பயப்படுகிறீர்கள் என்பது போன்ற கேள்விகள். அவற்றை என் வார்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டேன். நோயாளி சேர்ந்த முதல் இரண்டு நாளுக்குள், அவர் ஓரளவு தெம்பாக இருக்கும்போது, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்பேன். "உங்களை நன்றாகக் கவனித்துக்கொள்ள உங்களைப் பற்றி நான் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?" "வீட்டில் முக்கியமான முடிவுகளை யார் எடுப்பார்கள்?" "உங்கள் உடல்நிலையைப் பற்றிய தகவலை யாரிடம் சொல்லட்டும்?" "நாங்கள் செய்யவே கூடாத காரியம் ஏதாவது இருக்கிறதா?" இந்தக் கடைசிக் கேள்வி எனக்குப் பல தடவை உதவியிருக்கிறது. என்ன வேண்டும் என்று கேட்டால் மருத்துவமனையில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று தயங்குவார்கள். என்ன கூடாது என்று கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவார்கள்.

என்னை முதலில் உலுக்கியது உண்மையை மறைக்கும் விவகாரம். கணையத்தில் புற்றுநோய் முற்றிய ஒரு முதியவர் வந்தார். எங்கள் மொழி அவருக்குத் தெரியாது. மூத்த மகன்தான் எல்லாம் பேசினார். முதல் நாளே என்னை வாசலுக்கு வெளியே கூட்டிப்போய், "சிஸ்டர், அப்பாவுக்கு வயிற்றில் புண் என்றுதான் சொல்லியிருக்கிறோம். புற்றுநோய் என்ற சொல்லை அவர் முன்னால் யாரும் எடுக்கக் கூடாது. தெரிந்தால் அன்றைக்கே மனசு விட்டுப் போய்விடும்" என்றார். வார்டின் மருத்துவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. நோயாளிக்குத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது, மறைப்பது ஏமாற்று என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் இரவு டியூட்டியில் அந்த முதியவருக்கு அருகில் இருந்தது நான். அவர் என் கண்ணைப் பார்ப்பார், மருந்தைப் பார்ப்பார், தன் மொழியில் ஏதோ கேட்பார். மகன் பக்கத்துப் படுக்கையிலிருந்து எழுந்து எனக்கு முன்னால் பதில் சொல்வார். பகலில் மருத்துவர், "இன்னும் ஏன் பேசவில்லை?" என்பார். சாயங்காலம் மகன், "நீங்கள் ஏதாவது சொன்னீர்களா?" என்பார். வீட்டுக்குப் போனாலும் அந்த முகங்கள் விடாது. ஒரு பொய்க்குத் துணைபோகிறேனோ என்ற உறுத்தல் ஒரு பக்கம், ஒரு குடும்பத்தின் அன்பை மிதிக்கிறேனோ என்ற பயம் இன்னொரு பக்கம். நான் வளர்ந்த வீட்டிலும் நோயாளியின் முன்னால் சாவு என்ற பேச்சை எடுக்க மாட்டார்கள். அதனால் என் மனம் மகன் பக்கம் சாய்ந்தது, வேலையில் கற்ற நெறி மருத்துவர் பக்கம் இழுத்தது.

அந்தச் சமயத்தில் தேடிப் படித்த இரண்டு விஷயங்கள் எனக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்தன. 1961-இல் அமெரிக்காவில் டொனால்ட் ஓகன் என்ற மருத்துவர் தன் சக மருத்துவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், 90 சதவீதம் பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்வதில்லை என்றுதான் பதில் சொன்னார்கள். அதே கேள்வியை 1979-இல் இன்னொரு குழு கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். இருபது வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் மருத்துவர்களின் வழக்கம் தலைகீழாகிவிட்டது. இன்று எங்கள் மருத்துவர் கேள்விக்கு அப்பாற்பட்ட அறமாக நினைப்பதை, அவருடைய ஆசிரியரின் ஆசிரியர் கொடுமை என்று நினைத்திருப்பார். இன்னொன்று 1995-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 800 முதியவர்களிடம் நடந்த ஆய்வு. புற்றுநோய் பரவியிருப்பதை நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினரில் 87 சதவீதம், ஆப்பிரிக்க அமெரிக்கரில் 88 சதவீதம், மெக்சிகோ வம்சாவளியினரில் 65 சதவீதம், கொரிய வம்சாவளியினரில் 47 சதவீதம். இதைப் படித்துவிட்டு, கொரியர் என்றால் சொல்லக் கூடாது என்று முடிவுகட்டுவது பெரிய ஆபத்து. ஏறக்குறைய பாதிப் பேர் சொல்ல வேண்டும் என்கிறார்களே! எதிரே படுத்திருப்பவர் எந்தப் பாதியில் இருக்கிறார் என்று அவரிடம் கேட்டால்தான் தெரியும். இன்னொன்றும் உறைத்தது. கலாசாரம் என்றால் நோயாளியோடு வருவது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். நேரடியாகச் சொல்லிவிடுவது, ஒருவர் தன் முடிவைத் தானே எடுப்பது, அறையில் இரண்டு பேருக்கு மேல் நிற்கக் கூடாது, அமைதியாக அழ வேண்டும் என்பதெல்லாம் மருத்துவமனையின் கலாசாரம். வெள்ளைக் கோட்டு போட்டிருப்பதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

கடைசியில் வழி பிறந்தது, மருத்துவமனையின் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தொலைபேசி வழியாகக் கிடைத்தபோதுதான். மகனிடம் முதலில் பேசினேன். "உங்கள் அப்பாவிடம் நோயின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று மட்டும் கேட்கப் போகிறோம். அவர் வேண்டாம் என்றால் அதோடு நிறுத்திவிடுவோம்" என்றேன். அரை மனதோடு ஒப்புக்கொண்டு காபி குடிக்கக் கீழே போனார். மருத்துவர் பெரியவரிடம் கேட்டார்: "சிலர் தங்கள் நோயைப் பற்றி எல்லா விவரத்தையும் தாங்களே கேட்டுக்கொள்வார்கள். சிலர் குடும்பத்தில் ஒருவரிடம் சொல்லச் சொல்வார்கள். உங்களுக்கு எப்படி?" பெரியவர் நிறைய நேரம் யோசித்தார். போனில் வந்த பதிலை அப்படியே எழுதுகிறேன். "மகனிடமே சொல்லுங்கள். எனக்கு என்ன என்று எனக்குத் தெரியும். என் அண்ணனும் இதில்தான் போனான். எனக்குத் தெரியாது என்று மகன் நினைப்பதில் அவனுக்கு ஒரு தைரியம் இருக்கிறது. அதைக் கெடுக்க வேண்டாம். எனக்கு வலி மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஊரிலிருந்து தங்கையை வரச் சொல்லுங்கள்." மருத்துவருக்கும் எனக்கும் பேச்சு வரவில்லை. அவருடைய உரிமையை அவர் பயன்படுத்தியிருந்தார். மகனிடம் சொல் என்று ஒருவர் தீர்மானிப்பதும் அவருடைய சொந்த முடிவுதான். அதைக் கேஸ் ஷீட்டில் அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, தேதி, நேரம், மொழிபெயர்ப்பாளரின் அடையாள எண் எல்லாம் போட்டுவைத்தோம். அதற்குப் பிறகு எந்த ஷிஃப்டிலும் அந்தச் சண்டை வரவில்லை.

மொழிபெயர்ப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் அவசரத்தில் கோட்டைவிடும் இடம் இதுதான். பிள்ளைகளையோ கணவனையோ மொழிபெயர்க்க விடாதீர்கள். கெட்ட எண்ணத்தில் அவர்கள் மாற்றிச் சொல்வதில்லை, பாசத்தில் மாற்றிவிடுகிறார்கள். நான் இரண்டு நிமிடம் பேசியதை ஒரு மகள் நாலு சொல்லில் முடித்தபோது, முகத்தைப் பார்த்தே அதில் பாதி போய்விட்டது என்று தெரிந்தது. அதைவிட, தாயின் மரணச் செய்தியைத் தாயிடமே தன் வாயால் சொல்லவைப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் கொடுமை. பயிற்சி பெற்றவர் வரும்போது, அறைக்குள் போவதற்கு முன்பே என்ன பேசப் போகிறோம் என்று அவருக்குச் சொல்லிவிடுங்கள். நேரடியாகப் பேசினால் அந்த மொழியில் மரியாதைக் குறைவாகுமா என்றும் அவரிடமே கேளுங்கள். உள்ளே போனபின் நோயாளியைப் பார்த்துப் பேசுங்கள், போனைப் பார்த்து வேண்டாம். இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தடவை நிறுத்துங்கள்.

இனி என் தலையில் இடி விழுந்த கதைக்கு வருகிறேன். எழுபது வயதைத் தாண்டிய ஒரு சீன வம்சாவளி அம்மா, இரண்டு மகள்கள். படிவத்தில் பௌத்தம் என்று மட்டும் இருந்தது, சேர்த்தவர்கள் வேறு எதையும் கேட்டு எழுதவில்லை. நான் விடுமுறை முடிந்து வந்த இரவு அவர் கடைசிக் கட்டத்தில் இருந்தார். மூச்சு வேகமாகி, ஆழமாகி, மெல்ல அடங்கி, சற்று நேரம் நின்று, மறுபடி தொடங்கிக்கொண்டிருந்தது. அப்போது மூத்த மகள் என்னிடம் வந்து சொன்னார். அவர்கள் தூய நிலப் பௌத்த வழியைச் சேர்ந்தவர்கள். உயிர் பிரிந்தபின் எட்டு மணி நேரம் உடலை யாரும் தொடவோ அசைக்கவோ கூடாது. அமிதாப புத்தரின் பெயரை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் உணர்வு முழுதாக விலகியிருக்காது, அசைத்தால் அம்மாவுக்கு வேதனையும் கலக்கமும் வரும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. உடனே கேஸ் ஷீட்டில் நேரம் போட்டு எழுதினேன். இரவு மேற்பார்வையாளரை அழைத்தேன். நான்கு மணி நேரத்துக்குள் உடல் பிணவறைக்குப் போக வேண்டும் என்பது விதி, அவசரப் பிரிவில் படுக்கைக்குக் காத்திருக்கிறார்கள் என்றார். இந்த விதியைத் தளர்த்த யாருக்கு அதிகாரம் என்று கேட்டேன். காலையில் வரும் நிர்வாகிக்கு என்றார். அந்த அழைப்பையும் பதிலையும் எழுதிவைத்தேன்.

நள்ளிரவு தாண்டி அம்மா போய்ச் சேர்ந்தார். மகள்கள் இருவரும் சுவரோரம் நின்று மெல்லிய குரலில் ஓதத் தொடங்கினார்கள். நான் கைவைக்கவில்லை, மருந்துப் பம்பை மட்டும் நிறுத்திவிட்டு வெளியே வந்தேன். மேற்பார்வையாளரை மறுபடி அழைத்தேன், அதே பதில். நேரம் வந்ததும் தள்ளுவண்டியோடு ஊழியர்கள் வந்துவிட்டார்கள். அவர்களை நான் வாசலில் நிறுத்திவைக்க, மேற்பார்வையாளரே வந்து உத்தரவு போட்டார். மகள்கள் கத்தவில்லை, தடுக்கவில்லை. தூக்கும்போதும் ஓதுவதை நிறுத்தவில்லை. தள்ளுவண்டியின் இரு பக்கமும் அதே வேகத்தில் நடந்து, லிஃப்டுக்குள்ளும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே போனார்கள். இளையவரின் குரல் மட்டும் இடையில் ஒரு தடவை உடைந்தது. அவர்கள் திட்டியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

புகார் வந்தது. அதில் இருந்தது என் பெயர்தான், ஏனென்றால் அன்றிரவு அவர்கள் கண்ட பெயர் அட்டை என்னுடையது. அந்த மகள்கள்மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. நிர்வாகம் நடந்துகொண்ட விதத்தில்தான் வருத்தம். விசாரணை முடியும்வரை என்னை வார்டிலிருந்து எடுத்து எழுத்து வேலையில் உட்காரவைத்தார்கள். யாரிடமும் இதைப் பற்றிப் பேசக் கூடாது என்றார்கள். ராத்திரி கண்ணை மூடினால் அந்த ஓதும் குரல் கேட்கும், நெஞ்சு படபடக்கும். மருத்துவமனையின் மனநல ஆலோசகரிடம் காத்திருப்போர் வரிசை நீளம், அதனால் வெளியே கைக்காசு போட்டு ஆலோசனைக்குப் போனேன். ஊதிய விடுப்பு தீர்ந்து சம்பளமில்லாத விடுப்பு எடுத்தேன். வீட்டு வாடகைக்கு ஒதுக்கியிருந்த சேமிப்பு அதில் கரைந்தது. கடைசியில் என்னைக் காப்பாற்றியது அந்த இரவில் நேரம் போட்டு எழுதிவைத்த குறிப்புகள்தான். யார் எப்போது என்ன கேட்டார்கள், நான் யாரை அழைத்தேன், என்ன பதில் வந்தது என்பதெல்லாம் அதில் இருந்தது. என்மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். இழந்த சம்பளம் திரும்பி வரவில்லை. ஒன்று மட்டும் மாறியது: தனி அறையில் இருப்பவருக்கு, முன்கூட்டியே கேட்டிருந்தால், இரவில் அழைப்பில் இருக்கும் நிர்வாகியே நேரத்தை நீட்டிக்கலாம் என்று விதியைத் திருத்தினார்கள்.

என் ஆலோசகர் மூலமாகத்தான் ஆண்ட்ரூ ஜேம்ட்டன் என்ற தத்துவ ஆசிரியர் நர்ஸ்களைப் பற்றி 1984-இல் எழுதியது எனக்குத் தெரியவந்தது. செய்ய வேண்டியது எது என்று நன்றாகத் தெரிந்திருந்தும், நிறுவனத்தின் கட்டுப்பாடு அதைச் செய்யவிடாமல் தடுக்கும்போது வருகிற மன வேதனையை அவர் தனியாகப் பிரித்துக் காட்டினார். அதுவரை நான் இதை என் பலவீனம் என்றே நினைத்திருந்தேன். சாவைப் பார்த்துப் பயப்படுகிறேன், இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று ராஜினாமாக் கடிதம்கூட எழுதிவைத்திருந்தேன். உண்மையில் சாவு என்னைப் பயமுறுத்தவில்லை. கட்டிப்போடப்பட்ட கைகள்தான் என்னை உடைத்தன. உங்கள் தூக்கம் போனால் முதலில் இதைப் பிரித்துப் பாருங்கள். துக்கம் என்றால் அழுதும் பேசியும் ஆறும். இந்த மாதிரி வேதனைக்கு விதியையும் அதிகாரத்தையும் மாற்றினால்தான் மருந்து.

வார்டுக்குத் திரும்பியபின் நான் அதிகம் கற்றுக்கொண்டது வலியைப் பற்றி. வேதனையில் துடித்துக்கொண்டே மார்ஃபினை மறுத்த ஒரு முஸ்லிம் அம்மா இருந்தார். எங்கள் குழுவில் ஒருவர், இவர்களுக்கு மார்ஃபின் என்றாலே பயம், அடிமையாகிவிடுவோம் என்று நினைக்கிறார்கள் என்றார். கேட்டுப் பார்த்தபோது அதில்லை காரணம். கடைசி மூச்சில் இஸ்லாமிய நம்பிக்கையின் உறுதிமொழியான கலிமாவைச் சொல்ல வேண்டும், அதற்குப் புத்தி தெளிவாக இருக்க வேண்டும். மருந்து மயக்கத்தில் அதைச் சொல்ல முடியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் அவர் பயம். அவருக்கு மதிப்புள்ள இமாம் ஒருவரை வரவழைத்தோம். வலிக்கு மருந்து எடுப்பதில் தவறில்லை என்று அவர் சொன்னார். மருத்துவர் அளவைக் கொஞ்சம் குறைத்தார், தொழுகை நேரத்தைச் சுற்றி மருந்து நேரத்தை அமைத்தார். வலி முழுதாகப் போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் மிச்சமிருந்த அந்த வலியை அவர் தெரிந்தே தேர்ந்தெடுத்தார், அதை என் நிம்மதிக்காக நான் பறிக்க முடியாது. நர்ஸாகத் தொடங்கி, சமூகப் பணியாளராகி, பிறகு மருத்துவம் படித்து 1967-இல் லண்டனில் சாகும் நிலையில் இருப்பவர்களைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பைஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், சாகப் போகிறவரின் வலியில் உடல், மனம், உறவு, ஆன்மா எல்லாம் கலந்திருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தவர். அதை நான் பரீட்சைக்குப் படித்தவள்தான். அந்த அம்மாவிடம்தான் புரிந்தது.

அடுத்து சாப்பாடு. எந்த நாட்டுக் குடும்பமாக இருந்தாலும் இந்தச் சண்டை வரும். வாய் திறக்காத அம்மாவுக்குக் கரண்டியால் ஊட்ட முயல்வார்கள், டிரிப்ஸ் போடுங்கள் என்று கெஞ்சுவார்கள், போடாவிட்டால் பட்டினி போட்டுக் கொல்கிறீர்கள் என்பார்கள். சக ஊழியர்கள் சிலர் இதை அறியாமை என்று சலித்துக்கொள்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஊட்டுவதுதான் அவர்களுக்குத் தெரிந்த கடைசி அன்பு. அதைப் பிடுங்கிவிட்டு வெறுங்கையோடு உட்காரவைக்கக் கூடாது. நான் சொல்வது இதுதான்: "சாப்பிடாததால் அவர் போகவில்லை, உடல் அடங்கிக்கொண்டிருப்பதால் பசி அடங்குகிறது. இப்போது அதிகம் நீர் ஏற்றினால் உடல் அதை ஏற்றுக்கொள்ளாது, வீக்கமும் சளியும் கூடும்." சொல்லிவிட்டுக் கையில் ஈரமான ஸ்பாஞ்சைக் கொடுத்து உதட்டையும் நாக்கையும் நனைக்கச் சொல்வேன். அவரவர் புனித நீரோ, அவருக்குப் பிடித்த பழச்சாற்றின் ஒரு சொட்டோ அதில் இருக்கலாம், விழுங்கத் தேவையில்லை. தொண்டையில் சளி தேங்கி வருகிற அந்தக் கரகர சத்தத்தைப் பற்றியும் அது வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நினைவு தப்பிய நோயாளிக்கு அது பெரும்பாலும் கஷ்டம் தருவதில்லை, கேட்பவர்களுக்குத்தான் கொடுமை. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும், தேவைப்பட்டால் ஊசி மருந்தும் இருக்கிறது. முன்பே சொல்லாவிட்டால், மூச்சுத் திணறிச் செத்தார் என்ற நினைவோடு ஒரு குடும்பம் வருடக்கணக்கில் வாழும்.

அழுகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில குடும்பங்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழும், சில குடும்பங்களில் ஒரு சொட்டுக் கண்ணீர் வராது. முதல் வகையைக் கட்டுப்பாடில்லாதவர்கள் என்றும் இரண்டாவது வகையைப் பாசமில்லாதவர்கள் என்றும் ஊழியர் அறையில் பேச்சு வரும். அந்தப் பேச்சில் சேராதீர்கள், முடிந்தால் நிறுத்துங்கள். மற்ற நோயாளிகளுக்குத் தொந்தரவு என்பது உண்மைதான். அதற்குக் கதவை மூடக்கூடிய ஓர் அறையைக் காலியாக வைத்திருப்பதும், இருபது பேர் வரக்கூடும் என்று முதல் நாளே கேட்டுவைப்பதும்தான் வழி. மெலனி டெர்வலான், ஜான் மர்ரே-கார்சியா என்ற இரு மருத்துவர்கள் 1998-இல் எழுதியது எனக்குப் பிடிக்கும். பிற கலாசாரங்களைக் கற்று முடித்துவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது, தன் பார்வையைத் தானே சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஊழியர் அறைதான் அந்தச் சோதனைக்குச் சரியான இடம்.

இப்போது ஷிஃப்ட் முடிந்து அடுத்த நர்ஸிடம் நான் ஹேண்ட்ஓவர் கொடுக்கும்போது நாடித்துடிப்பு, மருந்து அளவோடு சேர்த்துச் சொல்வது இவை: யாரிடம் தகவல் சொல்லலாம், யார் முடிவெடுப்பார், எந்த மொழிபெயர்ப்பாளர், மூச்சு நின்றபின் என்ன செய்யலாம், என்ன கூடாது, யாரை எந்த நேரத்திலும் எழுப்பி அழைக்க வேண்டும். படிவத்தில் இடமில்லை என்று விடாதீர்கள், ஓரத்தில் எழுதுங்கள், நேரம் போடுங்கள், கையெழுத்துப் போடுங்கள். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் பத்து நிமிடம் எங்கள் குழு உட்கார்ந்து பேசுகிறோம். எது நன்றாக நடந்தது, யாருக்கு மனசு கனக்கிறது என்று. அமெரிக்காவில் தொடங்கிய ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ் என்ற கூட்டங்கள் பல மருத்துவமனைகளில் நடக்கின்றன, மருத்துவர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை வேலையின் மனச்சுமையைப் பேசலாம். உங்கள் இடத்தில் இருந்தால் போங்கள், இல்லையென்றால் மூன்று பேரை வைத்துக்கொண்டாவது தொடங்குங்கள். எங்கள் வார்டில் அப்படித்தான் ஆரம்பித்தோம்.

இந்த வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் சம்பளம் கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். இரவில் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா? உடலை எடுக்கும் நேரத்தை நள்ளிரவில் நீட்டிக்க யாருக்கு அதிகாரம், அவருடைய எண் வார்டில் இருக்கிறதா? ஊழியர்மேல் புகார் வந்தால் விசாரணைக் காலத்தில் சம்பளமும் ஆலோசனையும் உண்டா? பதிலை வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்லாமல் "பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், அந்த இடத்தில் இரவு டியூட்டியை ஏற்பதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.